ஒரே ஒரு முகத்துக்குப் பாடியவர்

மைக்கைப் பார்த்துப் பாட அவருக்கு வராது.

தில்லியில் முப்பது வருடங்களுக்கு மேல் வங்காள நாட்டுப்பாடல்கள் பாடிய ஒருவரைப் பற்றி இப்படி ஆரம்பிப்பது நியாயமில்லைதான். ஆனால் எனக்கு அவர் அறிமுகமானதே அந்தக் குறையோடுதான். லாடோ சராயில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முனிர்காவில் அறை, பகலெல்லாம் பூமிக்கு அடியில் பிழைப்பு. வெளியே மழையா வெயிலா என்று யாராவது படியிறங்கி வந்து சொன்னால்தான் தெரியும். நாட்டுப்பாடல்களைச் சேகரிக்கும் ஓர் அமைப்பு அன்று மூன்று மணி நேரத்துக்குக் கூடத்தை எடுத்திருந்தது. வெளிர்நீலக் கைத்தறிச் சேலையும் தடித்த கண்ணாடியுமாக, ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்மணி மெல்ல இறங்கி வந்தார். தோளில் துணிப்பை. அதிலிருந்து தோதாரா என்ற தந்தி வாத்தியத்தின் கழுத்து மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சத்தம் பதிவாகும் என்பதால் ஏசியை நிறுத்தினோம். அவர் பாடினார். மெட்ரோவில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது. சுருதி பிசகவில்லை, தாளம் பிசகவில்லை, வேறு ஒன்றும் இல்லை. மறுபடி பாடச் சொன்னோம். அதேதான். கூடத்தின் முதலாளி மெஹ்ரா கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பொத்தானை அழுத்தி, "மேடம், கொஞ்சம் ஃபீலோட..." என்று இழுத்தார். குரல் எங்கிருந்து வருகிறதென்று அந்தப் பெண்மணி கூரையை அண்ணாந்து தேடினார்.

"யாரைப் பார்த்துப் பாடறது?"

"மைக்கைப் பாருங்க மேடம்."

"அது திரும்பிப் பார்க்க மாட்டேங்குதே."

மெஹ்ரா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ உள்ளே போய் உட்காரு. அசையாதே. மூச்சுகூட விடாதே" என்றார்.

முழங்காலும் முழங்காலும் தொடும் தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு குழந்தை நம்மையே பார்க்குமே, வெட்கமில்லாமல், எதையும் கேட்காமல், அதுபோல. பாட ஆரம்பித்தார். எனக்கு வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் எங்கேயோ தண்ணீர் விலகிப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. அந்தப் பாட்டில் ஆறு இடம் மாறிப் போய்விடுகிறது என்றும், அது தெரியாத ஒருத்தி பழைய படித்துறையில் தினமும் குடத்தோடு போய் நிற்கிறாள் என்றும் பிறகு சொன்னார்கள். சொல்லாமலிருந்தாலும் எனக்குக் குறையொன்றும் இருந்திருக்காது.

அந்தப் பதிவில் நான்காவது நிமிடத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். அது என்னுடையது. மெஹ்ரா வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு வெட்டாமல் வைத்தேன்.

எல்லோரும் அவரை தீதி என்பார்கள், அக்கா என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை 'ஷோனா' என்பார். தங்கமே என்று அர்த்தம். அவர் பேசியது வங்காளம் தோய்ந்த இந்தி, நான் பேசியது தமிழ் தோய்ந்த இந்தி. எது ஆண்பால், எது பெண்பால் என்பதில் இருவருக்கும் கடைசிவரை தகராறுதான். பேருந்து பெண், வீடு ஆண் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ! ஆனால் முதல்நாள் பதிவு முடிந்ததும் அவர் தன் பாட்டிலை நீட்டி, "தண்ணி சாப்பிடறியா?" என்று கேட்டபோது மெஹ்ரா சிரித்தார். இந்தியில் தண்ணீரைக் குடிக்கத்தான் முடியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலும் காபியைச் சாப்பிடத்தான் செய்வோம். அந்த ஒரு சொல்லில் அவர் எனக்கு உறவாகிவிட்டார்.

கோவிந்த்புரியில் மூன்றாவது மாடியில் வீடு. கணவர் புத்தகம் பைண்டு செய்கிறவர். கூடம் முழுக்கப் பசையின் மணமும் அடுக்கிய அட்டைகளும். அவரை எல்லோரும் தாதா என்பார்கள், வங்காளத்தில் அண்ணன். ஒருமுறை ஊருக்கு போன் செய்தபோது, "தாதா வீட்ல மீன் சாப்பிட்டேன்" என்றேன். அம்மா பதறிப்போய், "அடியே, ரவுடி வீட்டுக்கெல்லாம் எதுக்குடி போற?" என்றாள். இதைச் சொன்னதும் அந்த மெலிந்த மனிதர் தன் எலும்புக் கைகளை முறுக்கிக் காட்டிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

தாதாதான் தீதியின் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தீதி தன்னைப் பற்றி எதையும் வரிசையாகச் சொல்ல மாட்டார். அப்பா ஆற்றங்கரைச் சணல் ஆலையில் தறி ஓட்டியவர். ஒரே கொட்டகையில் நூற்றுக்கணக்கான தறிகள் இரவும் பகலும் இரைந்ததில் நாற்பது வயதுக்குள் காது சுத்தமாகப் போய்விட்டது. பாட்டென்றால் உயிர். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து மகளை எதிரில் உட்கார வைப்பார். சிமினி விளக்கை அவள் முகத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, "பாடு" என்பார். அவள் உதட்டையும் கண்ணையும் பார்த்தே பாட்டுக் கேட்பார். சோம்பலாக வாயைத் திறக்காமல் பாடினால் முழங்காலில் தட்டி, "கேட்கலை" என்பாராம்.

"காது கேட்காத மனுஷன் சொன்னார், கேட்கலைன்னு!" என்று தாதா வியந்தார். "அதையும் இவ நம்பி, மறுபடி முதல்லேருந்து பாடியிருக்கா."

கல்யாணமாகி தில்லிக்கு வந்த பிறகு, துர்கா பூஜைப் பந்தலில் ஒருநாள் பாட வேண்டியவர் வராமல் போக, தீதியை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு வானொலி, கல்லூரிகள், அரங்குகள், இரண்டு ஒலிநாடா, ஒருமுறை வெளிநாடு. எங்கே பாடினாலும் கூட்டத்தைப் பார்த்துப் பாட மாட்டார். உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். ஐந்நூறு பேர் இருந்தாலும் ஒரு நிமிடம் நிதானமாகத் துழாவி ஒரு முகத்தை எடுப்பார். அன்றைய பாட்டெல்லாம் அந்த முகத்துக்குத்தான். மற்றவர்கள் ஒட்டுக்கேட்கிறவர்கள். விந்தை என்னவென்றால் ஒட்டுக்கேட்கிறவர்களுக்குத்தான் அழுகை அதிகம் வரும்.

"கண்ணாடி இல்லாம எப்படி தீதி அவ்வளவு தூரத்து முகம் தெரியுது?"

"மூக்கு முழி தெரியாது. பசி தெரியும்."

"பசியா?"

"உங்க ஊர்ல, வீட்டுக்கு வந்தவங்க சாப்பிட்டாச்சு சாப்பிட்டாச்சும்பாங்க. சாப்பிடலைன்னு உங்கம்மாவுக்குத் தெரியுமில்ல? அப்படித்தான்."

தாதா பசை தடவிக்கொண்டே குறுக்கிட்டார். "என்னைப் பார்த்து மட்டும் இவ பாடினதே கிடையாது, தெரியுமா? என் மூஞ்சி எப்பவும் சாப்பிட்ட மூஞ்சியாம்."

"பின்னே? பொய்யா?" என்றார் தீதி.

இந்தப் பழக்கத்தால் அவர் இழந்தது கொஞ்சமில்லை. மண்டி ஹவுஸ் பக்கத்தில் ஒரு பெரிய அரங்கில் நிகழ்ச்சி. ஒலியமைப்பு நான்தான். முன்வரிசையில் பெரிய பதவியிலிருந்த ஒருவரும் அவர் குடும்பமும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் பாட்டுப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க ஊர் ஊராகப் பாட வாய்ப்பு வரும் என்று ஏற்பாட்டாளர் முதல்நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தீதி உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றினார், துழாவினார். பிறகு உடம்பை அப்படியே இடதுபக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே பக்கவாட்டுக் கதவருகே காவலாளி நின்றுகொண்டிருந்தான். அளவு பொருந்தாத பெரிய சீருடை, கையில் டார்ச். முக்கால் மணி நேரம் அவனுக்குப் பாடினார். முன்வரிசைக்கு அவருடைய காதும் கொண்டையும்தான் தெரிந்தன. ஏற்பாட்டாளர் திரைக்குப் பின்னாலிருந்து கைகாட்டிக் கைகாட்டி ஓய்ந்துபோனார். இரண்டாவது பாட்டில் காவலாளி தொப்பியைக் கழற்றினான். கடைசிப் பாட்டு வரை அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடி யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஏற்பாட்டாளர் இரைந்தார்.

"தெரியும். நல்லவங்க. ஆனா எல்லாரும் சாப்பிட்டுட்டு வந்திருந்தாங்க."

அந்த அரங்கில் அதற்கப்புறம் அவரைக் கூப்பிடவே இல்லை. நான் இதை வெகுநாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இதில் வேறொரு பக்கமும் உண்டென்று அப்போது தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் நொய்டாவிலிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரி. மனைவியை இழந்தவர். பூஜைப் பந்தலில் ஒரு மாலை தீதி அவருக்குப் பாடியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் ஒரு நிகழ்ச்சியையும் விடுவதில்லை. சலவைச் சட்டையோடு சீக்கிரமே வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வார். மறுபடி தன்னை எடுப்பாரா என்ற அந்த முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். தீதி எடுக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோவிந்த்புரியில் இருந்தபோது மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். கையில் இனிப்புப் பெட்டி. தாதா டீ கொடுத்தார்.

"ஒரே ஒரு தடவை. ஒரு பாட்டு போதும்," என்றார் அந்த மனிதர். "அவ போனப்புறம் என்னை அப்படி யாரும் பார்க்கலை."

தீதி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "அன்னிக்கு உங்க முகத்தில இடம் இருந்தது, தானா உள்ளே போச்சு. இப்ப நீங்களே அதை நிரப்பி வச்சுக்கிட்டு வர்றீங்க. நான் எங்கே பாடறது?"

அவர் டீயைக் குடிக்காமல் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி, "கதவைத் திறந்துவிட்டுட்டு அப்படியே போயிடறாங்கம்மா" என்றார். படியில் அவர் இறங்கும் ஓசை முதல் மாடி வரை கேட்டது. தீதி இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாயிற்று. கணவருக்கு குர்கானில் வேலை. முனிர்காவிலேயே கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்துக்கொண்டோம். கர்ப்பத்தின் ஐந்தாவது மாதத்தில் என் வயிற்றிலிருந்த குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. ஊரிலிருந்து அம்மா வந்தாள், ரசம் வைத்தாள், "அடுத்தது நல்லபடியா தங்கும்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்தாம் நாள் வேலைக்குக் கிளம்பினேன். மெஹ்ராவிடம் வைரல் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததே நிம்மதியாக இருந்தது. என் முகத்தை நான் இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

அன்று ஒரு கல்லூரிப் புல்வெளியில் தீதியின் கச்சேரி. குளிர்காலப் பிற்பகல். வெயில் பழுத்த இலைபோல் எல்லோர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. மாணவர்கள் சால்வைக்குள் சுருண்டு உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவிக்கு முன்னால் நான். தீதி கண்ணாடியைக் கழற்றினார். பார்வை முன்னாலிருந்து மெல்ல நகர்ந்து நகர்ந்து, அத்தனை தலைகளுக்கும் மேலாக வந்து, என்மேல் நின்றது.

வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் ஆரம்பித்துவிட்டார். அதே படித்துறைப் பாட்டு.

இரண்டாவது அடியில் என் விரல் ஒரு பித்தானை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டது. ஒலிபெருக்கி ஊளையிட்டது. கூட்டம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் செய்தது இன்றும் என் விரல் நுனியில் இருக்கிறது. அவருடைய மைக்கை ஏற்றி இறக்கும் பித்தானை ஒரே இழுப்பில் அடிவரை இறக்கினேன். குரல் அறுந்தது.

அவர் நிறுத்தவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு ஓசை எதுவும் எட்டவில்லை, உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு எழுத்தையும் வாயால் செதுக்கிக் காட்டுவதுபோல் பாடினார். காது கேட்காத ஒருவருக்குப் பாடுவதுபோல். அந்தப் பாட்டு இதற்குள் எனக்கு மனப்பாடம். ஆறு எங்கே போயிற்றென்று கேட்காதே பெண்ணே, தூக்கிக்கொண்டு நிற்கிறாயே, அந்தக் குடத்தைக் கீழே வை. அது கடைசி அடி. நான் எழுந்து, வயர்களைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சாலைக்கு வந்து ஓர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மறுநாள் அவரே முனிர்காவுக்கு வந்தார். படியேறி மூச்சு வாங்க நின்றார். கையில் எவர்சில்வர் டப்பா. நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

"ஷோனா, உனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. முகம் மட்டும்தான் தெரிஞ்சுது."

"நான் உங்களைக் கேட்டேனா தீதி? பாடுங்கன்னு கேட்டேனா?"

"கேட்கலை."

"அப்புறம் எதுக்கு? ஊரே பார்க்கப் பிச்சு வச்சுட்டுப் போறதுக்கா? அந்த நொய்டாக்காரர் சொன்னது சரிதான். திறந்துவிட்டுட்டுப் போயிடறீங்க. மூடறது யாரு?"

 அவர் டப்பாவைப் படியில் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் கதவைச் சாத்தினேன். பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் பேசவில்லை. அவர் போன் செய்தபோது எடுக்கவில்லை. பிறகு போனும் வரவில்லை.

தாதாதான் அழைத்தார். தைராய்டில் கட்டி. பெரிய அரசு மருத்துவமனையில் அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். குரல்வளைக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். குரல் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இருக்கிற பாட்டையெல்லாம் பிடித்து வைத்துவிட வேண்டும் என்ற பதற்றம். படியில் தாதா என்னை நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லணும்மா. தப்பா எடுத்துக்காதே. உன் வீட்டுக்கு வந்துட்டுப் போனாளே, அதிலேருந்து அவ கண்ணை மூடிக்கிட்டுத்தான் பாடறா. யாரையும் பார்க்கறதில்ல. அப்பாகிட்ட கத்துக்கிட்டு இத்தனை வருஷம் விடாத பழக்கத்தை, உன் ஒரு வார்த்தைக்கு விட்டுட்டா. பாட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க. கூப்பிடறது குறைஞ்சு போச்சு."

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. உள்ளே போனேன். தீதி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவு புடைத்திருந்தது. கருவியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நீ வா. போதும்."

அறுவைக்கான நாள் காலை, கீழே கொண்டுபோவதற்காக அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து நடைகூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு முன்னால் இன்னும் மூன்று வண்டிகள். தாதா ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தார். பச்சை உடுப்பில், சேலை இல்லாமல், தீதி சின்னப் பெண்போல இருந்தார்.

"ஷோனா, ஒண்ணு கேட்கட்டுமா? நீ பாடு."

"எனக்குப் பாட வராது தீதி. நான் பித்தான் திருகறவ."

"எத்தனையோ முகத்தைப் பார்த்துப் பாடிட்டேன். அப்படி ஒருத்தர் பார்த்துப் பாடினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. யாரும் எனக்குப் பாடினதில்ல. அது தெரியாம மயக்க மருந்து வாங்கிக்க வேண்டாம்னு தோணுது."

எனக்கு ஒரு பாட்டும் நினைவு வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர்த் தாலாட்டு. யாருக்கும் பாடாமல் என்னிடமே தங்கிவிட்டது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்து ஆராரோ என்று ஆரம்பித்தேன். நடைகூடத்தில் ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் கிறீச்சிட்டன, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. நான்கு வரி போயிருக்கும். அப்புறம் வார்த்தை வரவில்லை. 

"நிறுத்திட்டியே, பாடுமா!" என்று பின்னாலிருந்து தமிழ்க்குரல். தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், துடைப்பக் கட்டையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மறந்து போச்சுங்க."

"தாலாட்டுல மறக்கறதுக்கு இன்னாம்மா இருக்குது? வாய்க்கு வந்தத போட்டுப் பாட வேண்டிதுதான்." கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "இந்தம்மா யாரு, உன் மாமியாரா?"

"இல்லைங்க. வங்காளத்துக்காரங்க. பாட்டுப் பாடறவங்க. தொண்டையில ஆபரேஷன்."

"அடக் கடவுளே! அச்சா, நகரு."

அவள் பெயர் அஞ்சலை. ஜங்புரா மதராசி கேம்ப்பில் இருந்தவள். குடிசைகளை இடித்து ஊருக்கு வெளியே நரேலாவுக்கு அனுப்பிவிட்டபிறகு, அங்கிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து போகிறாள். இதையெல்லாம் அவள் பாட்டிலேயே சொல்லிவிட்டாள். 'நரேலா பஸ்ஸேறி நான் வந்தேன் கண்மணியே, நாலு செவுரும் போனாலும் நான் இருக்கேன் பொன்மணியே' என்று ராகத்தை இழுத்து, தீதியின் கன்னத்தை ஈரக் கையால் தடவிப் பாடினாள். நானும் கூடவே சேர்ந்துகொண்டேன். தமிழ் தெரியாத அந்த முகம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கண்ணாடி இல்லாத கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது.

வண்டியைத் தள்ள ஆள் வந்தார். தீதி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்படியா இருக்கும்? பயமா இருக்கே ஷோனா. நீ அன்னிக்குக் கத்தினது சரிதான்."

"தீதி..."

"ஆனா நிறுத்தாதே."

வண்டி நகர்ந்தது. லிஃப்ட் கதவு மூடும்வரை நானும் அஞ்சலையும் பாடிக்கொண்டே பக்கத்தில் நடந்தோம்.

கட்டி சாதாரணக் கட்டிதான். குரல்தான் போயிற்று. முதல் மாதம் வெறும் காற்று வந்தது. பிறகு பயிற்சிக்குப் போய்ப் போய், பழைய கதவு திறப்பதுபோல ஒரு கரகரப்பு வந்தது. மேடை இல்லை, நிகழ்ச்சி இல்லை. தோதாரா துணிப்பைக்குள் ஆணியில் தொங்கியது. நான் ஞாயிறுதோறும் போவேன். மூவரும் அட்டைகளுக்குப் பசை தடவுவோம். வேலை செய்யும்போது தீதி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பது சில சமயம் தெரியும். நாங்கள் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவார். குளிர்காலம் வந்தது. தில்லியின் புகை அந்தத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. இருமி இருமி விலா எலும்பு வலிக்க, டாக்டர் ஊரை விட்டே போய்விடச் சொன்னார். தீதியின் தம்பி வீடு சணல் ஆலைக்கு அருகிலேயே இருக்கிறது. ஆலையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அங்கே காற்று நன்றாக இருக்கிறதாம்.

புது தில்லி ரயில் நிலையத்தில், ஒரு மதியம், வழியனுப்பப் போனேன். படுக்கை வசதிப் பெட்டியில் ஜன்னலோரம் தீதியை உட்கார வைத்தோம். தாதா மூட்டைகளை இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். எதிரில் கல்லூரி வயதில் ஒருத்தி, முதுகுப்பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரும் வழியனுப்ப வந்ததாகத் தெரியவில்லை.

நான் பிளாட்பாரத்தில் இறங்கி ஜன்னலருகே நின்றேன்.  "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க" என்றேன். தலையசைத்தார். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பழைய துழாவல். என்னைத் தாண்டிப் போனது. எதிரிலிருந்த பெண்மேல் போய் நின்றது.

தீதி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தீதி அவளிடம் ஏதோ கேட்டார், அவள் சரியென்பதுபோல் சின்னதாகத் தலையை ஆட்டினாள். ஒருகாலும் அவர் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு, உடைந்து கரகரத்த அந்தக் குரலில், ஜன்னலுக்கு வெளியே எட்டியும் எட்டாமலும், மெல்லப் பாட ஆரம்பித்தார். தாதா மூட்டையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் பாடுவதைப் பக்கவாட்டிலிருந்து நான் ரசித்ததே இல்லை. மிக்சரும் பித்தானுமாக எப்போதும் கை வேலையாய் இருக்கும், இல்லாவிட்டால் என்மேல் அவர் கண் இருக்கும். இப்போதுதான் அந்தக் கன்னம் அசைவதையும், கழுத்தில் தழும்பு ஏறி இறங்குவதையும், இமை கொட்டாத ஒற்றைக் கண்ணையும் பார்த்தேன். இந்தப் பாட்டு எனக்கானதில்லை. எனக்கு அதில் குறையும் இல்லை. வண்டி நகர்ந்தது. சில அடிகள் கூடவே நடந்தேன். அந்தப் பெண் பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைப்பது தெரிந்தது. அதற்குமேல் நடக்காமல் நின்றுவிட்டேன்.